பாட்டு இல்லாத ஒரு நிமிடம்

“இன்ஸ்டாவா, யூடியூபா, ஃபேஸ்புக்கா? ஒண்ணே ஒண்ணு சொல்லுடி. மூணையும் போட்டுக் குழப்பாத.”

இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டாள் ஹில்டா.

“மம்மி, ஃபேஸ்புக்ல உங்க வயசுக்காரங்க. யூடியூப் ஷார்ட்ஸ்ல ஆள் அதிகம், ஆனா மெதுவாத்தான் ஏறும். நமக்கு இருக்கறது அஞ்சே நாள். அதனால இன்ஸ்டா ரீல்ஸ்தான்.”

“நிச்சயமா?”

“இதுக்குத்தான் மம்மி எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

பிளஸ்ஸி சொன்னதில் பொய்யில்லை. சிறுசேரியில் ஒரு விளம்பரக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. நகைக்கடைக்காரர், பல் டாக்டர், பிரியாணிக் கடைக்காரர் என்று யார் வந்து உட்கார்ந்தாலும், எந்த ஆப்பில் போடவேண்டும், எத்தனை நொடி ஓடவேண்டும், முதல் மூன்று நொடிக்குள் எதைக் காட்டினால் பார்ப்பவர் விரல் நகராமல் நிற்கும் என்று சொல்லி அனுப்புவாள். இப்போது முதல் தடவையாக அந்த வேலை சொந்த வீட்டுக்கே வந்திருந்தது. அண்ணன் ஜெர்சனுக்காக.

ஜெர்சனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரகடத்துக்கு அப்பால் கார் சீட்டு உறை தைக்கும் தொழிற்சாலையில் நாலு வருஷமாக வேலை செய்கிறான். இருநூறு பேர் இருக்கிற அந்த ஷெட்டில் காது கேட்காதவன் அவன் ஒருவன்தான். எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் இந்த நாலு வருஷத்தில் அவர்கள் அவனிடம் பேசியதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது மட்டும்தான். மதியம் கேன்டீன் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து ஏழு நிமிஷத்தில் டிபன் பாக்ஸை முடித்துவிட்டு மறுபடி மெஷினுக்கே போய்விடுவான். ஏழு நிமிஷம் என்று அவனே ஒருநாள் கைக்கடிகாரத்தைத் தட்டிச் சொன்னான். அன்று ராத்திரி ஹில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தின நாள், செவ்வாய்க்கிழமைதான், மேனேஜர் ஷ்யாம்சுந்தர் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்திருந்தார். ‘திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உன்னைப் போலப் பத்துப் பேரைக் கேட்டில் நிறுத்து. புதிதாக வரும் செக்கிங் லைனை உங்களுக்கே விடுகிறேன். பெல்லுக்குப் பதில் விளக்கு வைப்போம். நீதான் லைன் லீடர். பத்து சேரவில்லை என்றால் ஏஜென்சியில் ஆள் எடுத்துவிடுவோம்.’

அந்தத் தாளை ஜெர்சன் எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அரைமணிக்கு ஒருதரம் எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டான்.

புதன்கிழமை காலை, இட்லி வேகிற நேரத்தில், மூன்று பேரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றார்கள். ஜெர்சன் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், கையால்.

“யார் பாக்கணும்?”

பிளஸ்ஸி இரண்டு கையையும் அகல விரித்தாள். “எல்லாரும்!”

அவன் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். அதற்குள் அவள் ட்ரைபாடை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள்.

நன்றாகத்தான் எடுத்தாள். மொட்டைமாடி, பின்னால் முடிச்சூர் ரோட்டுத் தென்னை மரங்கள், காலை வெயில். அவன் ஒரே மூச்சில் சொன்னதை ஏழு துண்டாக வெட்டி ஒட்டினாள். கீழே மஞ்சள் பட்டை போட்டு, ‘வேலை! வேலை! வேலை!’ என்று கொட்டை எழுத்து. அந்த வாரம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டைப் பின்னால் ஓடவிட்டாள். பார்த்துவிட்டு ஜெர்சன் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினான். அவர்களுடைய கைதட்டல் அது. அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹில்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தாள்.

“இருபத்திரண்டாயிரமா? ஆளாடி அத்தனையும்?”

“ஆள்தான் மம்மி.”

“சபைல எல்லாரும் பாத்துட்டாங்க. பாஸ்டரம்மா அழுதுட்டாங்களாம்.”

“அழுதாங்களா? வேலைக்கு ஆள் வேணும்னு சொன்னதுக்கா?”

“எனக்கென்ன தெரியும்? பாட்டு அப்படி.”

சனிக்கிழமை மதியம் ஜெர்சன் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை வாங்கிக்கொண்டான். கமென்ட்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். ‘செம ப்ரோ.’ ‘சல்யூட்.’ ‘கண் கலங்குது.’ ‘பாட்டு பேர் என்ன?’ ‘பாட்டு பேர் சொல்லுங்க ப்ளீஸ்.’ நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள்.

“இதுல காது கேக்காதவங்க எத்தன பேர்?” என்று கேட்டான்.

பிளஸ்ஸி எண்ண வேண்டியிருக்கவில்லை. விரல்களை வளைத்துப் பூஜ்யம் காட்டினாள்.

“நாளைக்கு ஞாயிறு” என்றான்.

“தெரியும்.”

அவன் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டினான். இங்கே மஞ்சள் பட்டை அவன் கையை மறைக்கிறது. இங்கே ‘ஒன்பது மணி’ என்று சொல்லக் கை கிளம்புகிறது, வந்து சேர்வதற்குள் வெட்டு. இங்கே முகம் மட்டும் பெரிதாக வருகிறது, கை இரண்டும் படத்துக்கு வெளியே.

“பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ‘திங்கட்கிழமை’ன்னு ஆரம்பிச்சவன் தும்மிட்டுப் போயிட்ட மாதிரி.”

“கைதட்டினியே அண்ணா! அப்பவே சொல்லக் கூடாதா?”

“நீ ரொம்ப சந்தோஷமா வேல பாத்துட்டு இருந்த.”

முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள் பிளஸ்ஸி. அலுவலகத்தில் எவர் வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, ‘உங்க கஸ்டமர் எங்க இருக்காங்க?’ என்பதுதான். பிரியாணிக் கடைக்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறாள். அண்ணனிடம் கேட்கவில்லை. அவன் கேட்டதற்கும் நின்று பதில் சொல்லவில்லை.

ஜெர்சன் அவள் தோளைத் தொட்டான். “கிளம்பு. ஸ்டேஷனுக்கு.”

அடுப்படியிலிருந்து ஹில்டா பார்த்துவிட்டாள். “சனிக்கிழமையானா இவனுக்கு ஸ்டேஷன். ஆறு வருஷமா சொல்றேன், ரயில வேடிக்கை பாக்கற வயசாடா இதுன்னு. இப்ப இவளும் கூடவா?”

அவர்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஜெர்சனுக்கு ரயில் பிடிக்கும்.

ஐந்தரை மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று மொழியில் அறிவிப்பு. அதன்மேல் ஒரு எக்ஸ்பிரஸின் ஹாரன். அதற்கும் மேலாக ஒருவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற தன் மனைவியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

“அங்கயே இரு! நான் வரேன்!”

“என்னாது?”

“அங்கயே இருன்னேன்!”

“கேக்கல!”

மேம்பாலப் படிக்கட்டுக்கு அடியில் திரும்பினார்கள். பிளஸ்ஸி சட்டென்று நின்றுவிட்டாள்.

நாற்பது பேர் இருப்பார்கள். பேன்ட் சட்டை, சுடிதார், பர்தா, வேலை முடித்து வந்த யூனிஃபார்ம், தோளில் தூங்கும் கைக்குழந்தை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகள் எழுந்தன, மோதின, திரும்பின, நெற்றியைத் தொட்டு இறங்கின. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒருத்தி இன்னொருத்தியின் கையைத் தட்டிவிட்டு, ‘நான் சொல்றதைக் கேளு’ என்கிற மாதிரி தன் கையை முன்னால் வைத்தாள். அத்தனை பேச்சுக்கும் நடுவில் செருப்பு உரசுகிற ஓசையைத் தவிர வேறொன்றுமில்லை. இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் பிளஸ்ஸி மூன்று வருஷம் காலேஜுக்குப் போனாள். இந்தப் படிக்கட்டில்தான் இறங்கினாள்.

“இன்னாம்மா, புச்சா?” என்றார் டீக்காரர். “சனிக்கெழம சனிக்கெழம இங்கதான் கூடிக்குவாங்க. பல்லாவரம், குரோம்பேட்ட, செங்கல்பட்டு, எங்கெங்கேர்ந்தோ வராங்க. எனுக்கும் பாதி தெரியும்மா.” ஆட்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகிவிட்டுக் கையைத் தாழ்த்திக் காட்டினார். “சக்கர கம்மி.”

ஜெர்சன் எதிர்ப் பக்கத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினான். இரண்டு தண்டவாளத்துக்கு அப்பால், நீலப் பர்தா போட்ட ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பதில் சொன்னாள். பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிற சாஹிரா அவள். பேச்சு பிடித்துக்கொண்டது. நடுவில் அத்தனை இரைச்சல், அத்தனை ஜனம். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவரோ களைத்துப்போய் மனைவிக்குப் போன் போட்டார். இவர்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் போல நிதானமாகப் பேசினார்கள்.

“என்ன சொல்றாங்க அண்ணா?”

ஜெர்சன் அவளுக்காக மெதுவாக, வீட்டுச் சைகையில் திருப்பிச் சொன்னான். “வீடியோ பாத்தாளாம். பக்கத்து வீட்டு அக்கா காட்டினாங்களாம். ‘உன் கைய எவ வெட்டினா?’ன்னு கேக்கறா.”

“நீ என்ன சொன்ன?”

“ஒரு பெரிய நிபுணர்னு சொன்னேன்.”

அப்போது செங்கல்பட்டு வண்டி உள்ளே வந்து நின்றது. சாஹிரா மறைந்துபோனாள். பேச்சு அறுந்தது என்றுதான் பிளஸ்ஸி நினைத்தாள். ஆனால் எதிரே வந்து நின்ற ஜன்னலுக்குள் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பரபரவென்று எழுந்தார். வெற்றிவேல் என்று பெயர், பெயின்டர் என்று பிறகு தெரிந்தது. ஒரு கையில் தூரிகைப் பை. மற்ற கையைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கேட்டார். ஜெர்சன் சொன்னான். அந்தக் கேள்விகளும் பதில்களும் இதோ, இந்த வேகத்தில் ஓடின:

“எங்க?”

“ஒரகடம் தாண்டி.”

“பஸ்?”

“படப்பை வழி. நெறைய இருக்கு.”

“பெயின்ட் வேலையா?”

“தையல் சரியா இருக்கான்னு பாக்கணும். கண்ணுதான் வேணும்.”

“ராத்திரி ஷிஃப்ட்?”

“பகல் மட்டும்.”

“மதியம் சாப்பாடு?”

“கேன்டீன். நான் பக்கத்துல உக்காருவேன்.”

வண்டி நகர்ந்தது. வெற்றிவேல் ஜன்னலோடு போய்க்கொண்டே பிளஸ்ஸியைப் பார்த்தார். விரல் நுனிகளைக் கூட்டித் தோளிலிருந்து எதையோ இழுத்து வாயோரம் கொண்டுபோய்க் கடிப்பது போலச் செய்தார். புருவத்தை உயர்த்தினார். ஜெர்சன் ஆமாம் என்று தலையாட்டினான். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, ‘வரேன், திங்கட்கிழமை வரேன்’ என்று வண்டி வளைவில் திரும்புகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

நாற்பது நொடிகூட ஆகியிருக்காது. நின்று கிளம்புகிற ரயிலிலிருந்து ஒருவர் வேலை விசாரித்து, யோசித்து, ஒப்புக்கொண்டு போயிருக்கிறார்.

“அவர் என்னைப் பாத்து ஏன் அப்படிச் செஞ்சார்? எதையோ கடிக்கற மாதிரி?”

ஜெர்சனுக்கு வெட்கம் வந்துவிட்டது. “அது உன் பேர்.”

“என் பேரா? நீ என்னை இப்படித்தானே சொல்லுவ?” இடுப்புயரத்துக்குக் கையைத் தாழ்த்தினாள். வீட்டில் அவள் ‘சின்னது’.

“அது மம்மிகிட்ட. இங்க உன் பேர் இதுதான். எனக்கு ஒம்பது வயசுல ஸ்கூல் ஹாஸ்டல்ல வெச்சது. ஜடை நுனியக் கடிச்சிட்டே இருப்ப.”

“பதினெட்டு வருஷமா? நான் ஒரு தடவ கூடப் பாத்ததில்லையே!”

“எதிர்ல நிக்கறவளக் கூப்பிடப் பேர் எதுக்கு? தோளத் தொட்டாப் போதும். நீ இல்லாத எடத்துலதான் உனக்குப் பேர் வேணும்.”

அதற்குள் சாஹிரா மேம்பாலம் ஏறி இறங்கி மூச்சிரைக்க வந்துவிட்டாள். பிளஸ்ஸியை ஏற இறங்கப் பார்த்து அதே சைகை செய்தாள். பக்கத்திலிருந்தவன் திரும்பினான், அவனும் செய்தான். பிறகு ஒவ்வொருவராக. நாற்பது பேரும், அவளிடம் இல்லாத ஜடையைக் கடித்தார்கள். காலேஜில் சேர்ந்த வருஷமே அவள் முடியைக் கத்தரித்துவிட்டாள்.

சாஹிராவின் கை கேட்டது, ஜெர்சனின் கை தங்கைக்குச் சொன்னது. “கணக்குல பெயிலாயிட்டு மார்க் ஷீட்ட அரிசி டப்பால ஒளிச்சவ நீதான?”

“அதையுமா சொன்ன அண்ணா!”

“மொதல் சம்பளத்துல இவனுக்கு ஷூ வாங்கினவளும் நீதான? அந்த ஷூவ நாங்க எல்லாரும் போட்டுப் பாத்தோம்.”

பதில் சொல்லப் பிளஸ்ஸியின் கையில் அத்தனை சைகை இல்லை. இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினாள். அது கைதட்டல், பதில் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

“சரி, மறுபடி எடுக்கலாம்” என்று போனை எடுத்தாள். “எந்த ஆப்ல போடணும்னு இவங்களையே கேளு அண்ணா.”

கேட்டான். ஆளாளுக்குப் போனைத் திருப்பிக் காட்டினார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். எல்லார் போனிலும் வரிசையாக வட்ட வட்ட முகங்கள். எல்லாம் கைகளோடு இருந்த முகங்கள்.

“ஸ்டேட்டஸா? அது நம்பர் வெச்சிருக்கறவங்க மட்டும்தானே பாப்பாங்க?”

“அதுதான் வேணும்” என்றாள் சாஹிரா. “வேலைன்னு சொல்லி ஏமாத்தறவங்க எங்கள நெறையத் தேடி வராங்க. தெரியாத மூஞ்சி சொன்னா நாங்க நம்ப மாட்டோம்.”

அதன்பிறகு வீடியோ எடுத்தது சாஹிராதான் என்று சொல்லவேண்டும். ஜெர்சனைப் படிக்கட்டுக்குப் பக்கத்து வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினாள். கோடுபோட்ட சட்டை ஆகாது என்று யாரோ ஒருவனின் கறுப்புச் சட்டையைக் கழற்றி வாங்கிப் போடவைத்தாள். கோடு இருந்தால் கை தெரியாதாம், சத்தத்துக்கு நடுவில் பேசுகிற மாதிரியாம். வெளிச்சம் முகத்தில் விழவேண்டும். தலை முதல் இடுப்பு வரை, இரண்டு பக்கமும் கை போய்வர இடம் விடவேண்டும். வெட்டக் கூடாது. பழக்கதோஷத்தில் பிளஸ்ஸியின் கட்டைவிரல் பாட்டு லிஸ்ட்டைத் திறந்தது. சாஹிரா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தோளெல்லாம் குலுங்கிற்று.

ஒரு நிமிஷம். ஒரே ஷாட். அண்ணன் பேசுவதை பிளஸ்ஸி முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். வீட்டில் அவன் சோறு, மழை, பஸ் வந்தாச்சு என்றுதான் சொல்வான், அவளிடம் அதிகம் பேசும்போதும் வீட்டுச் சைகையில் ஒற்றை ஒற்றையாக உடைத்துத்தான். வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். இங்கே அவன் கையில் ஷெட் எழுந்தது, மெஷின் வரிசை நீண்டது, ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது, நீளமான பெஞ்சில் ஒருவன் தனியாக உட்கார்ந்தான், பக்கத்தில் ஒருவர், இன்னொருவர், இன்னொருவர் என்று வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. அந்த பெஞ்ச் மட்டும் புரிந்தது.

எல்லோருக்கும் அனுப்பினான். பெற்றுக்கொண்டவர்கள் அதைத் தங்கள் ஸ்டேட்டஸில் போடவில்லை. பார்த்தார்கள். இன்னொரு தடவை பார்த்தார்கள். பிறகு போனைத் திருப்பிப் பிடித்து, அல்லது பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து, ஒவ்வொருவராகச் சுவரோரம் போய் நின்று, தாங்களே சொல்ல ஆரம்பித்தார்கள். ஜெர்சனின் சேதி, சாஹிராவின் கையில். யூனிஃபார்ம்காரன் கையில். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்ட தாயின் ஒற்றைக் கையில்.

“ஏன் இப்படி? அப்படியே ஷேர் பண்ணினாப் போதுமே?” என்றாள் பிளஸ்ஸி.

சாஹிரா தன் முகத்தைச் சுட்டினாள். பிறகு தூரத்தை, செங்கல்பட்டுப் பக்கம், கடற்கரை ஸ்டேஷன் பக்கம். “அங்க இருக்கறவங்களுக்கு இவனத் தெரியாது. என்னத் தெரியும். என் கையில சொன்னாத்தான் நான் சாட்சி.”

வெள்ளைச் சுவர் நெடுக அரைமணி நேரம் கைகள் அசைந்துகொண்டே இருந்தன. ரயில்கள் வந்தன, போயின. பார்த்துக்கொண்டே நின்ற பிளஸ்ஸிக்கு, அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் வண்ண வண்ண வரைபடமெல்லாம் நினைவுக்கு வந்தது. இது அதில் எதிலும் இல்லை.

டீக்காரர் அவளிடம் ஒரு கிளாஸை நீட்டினார். “இன்னாம்மா, பேஜாரா கீதா?”

“இல்லண்ணா. பேச்சே வரல.”

“நல்ல எடத்துலதான் வந்து நிக்கிற” என்றார் அவர்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அண்ணனோடு பிளஸ்ஸியும் போனாள். எட்டே முக்காலுக்குக் கேட்டில் ஜெர்சனையும் சேர்த்துக் காது கேட்காதவர்கள் நாலு பேர். ஜெர்சன் அந்த எட்டு மடிப்புத் தாளைக் கையிலேயே வைத்திருந்தான். எட்டு ஐம்பதுக்கு ஒரு பஸ் வந்தது. சாஹிராவும் ஐந்து பேரும் இறங்கினார்கள்.

“ஒம்பதுதான் இருக்கு” என்று ஜெர்சன் விரலால் எண்ணிக் காட்டினான். அவன் தன்னையும் சேர்த்து எண்ணவில்லை. பத்துப் பேரைத்தான் கேட்டிருந்தார்கள்.

ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து தூரிகைப் பையோடு வெற்றிவேல் குதித்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு ஆட்டோ. அதற்குப் பின்னால் ஒரு பஸ். பெயர் தெரியாதவர்கள், ஜெர்சனே பார்த்திராதவர்கள், வழி தப்பாமல் வந்து இறங்கினார்கள். காவலாளி எண்ணிக்கொண்டே வந்து இருபத்தாறில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார்.

ஷ்யாம்சுந்தர் வெளியே வந்து அப்படியே நின்றார்.

“நான் பத்துதானே மேடம் கேட்டேன்? எங்க ஹெச்.ஆர். ஒரு மாசம் விளம்பரம் போட்டா மூணு பேர் வருவாங்க. எந்த ஆப்ல போட்டீங்க?”

“வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல சார்.”

“வெறும் ஸ்டேட்டஸ்லயா?”

“நான் போடல சார்” என்றாள் பிளஸ்ஸி. “இவங்க ஒவ்வொருத்தரும் சொன்னாங்க.”

பன்னிரண்டு பேரை அன்றைக்கே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் பெயரையும் நம்பரையும் எழுதி வாங்கி, அடுத்த லைன் வரும்போது கட்டாயம் கூப்பிடுவேன் என்று எழுதியே காட்டினார். ஜெர்சன் உள்ளே போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே போனான்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு, சிறுசேரியில் தன் மேஜையில் பிளஸ்ஸியின் போன் அதிர்ந்தது. அண்ணனின் ஸ்டேட்டஸ். பதினைந்து நொடி.

கேன்டீன் பெஞ்ச். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆட்கள். டிபன் பாக்ஸ்கள் திறந்தபடி, பாதிகூடக் காலியாகாமல் கிடந்தன. ஒரு கையில் சோறும் ஒரு கையில் பேச்சுமாக யாரும் சாப்பிட்டு முடிப்பதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் ஒன்று ஐந்துக்கு ஆரம்பம் என்று அவளுக்குத் தெரியும். கணக்குப் போட்டாள். நாற்பது நிமிஷம்.

கடைசி இரண்டு நொடியில் வெற்றிவேல் ஏதோ கேட்டார். ஜெர்சன் கேமராவைப் பார்க்காமல் அவரிடம் திரும்பி, தோளிலிருந்து எதையோ இழுத்து வாயோரம் வைத்துக் கடித்தான்.

தான் இல்லாத இடத்தில் தன் பேர். பிளஸ்ஸி அந்த இரண்டு நொடியை மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். அவளை அறியாமல் அவள் கை தோளுக்குப் போய், அங்கே இல்லாத ஜடையைத் தேடி எடுத்தது.